ஆமை அச்சு

கெடச்சுடுச்சு சார். போன்லயே சொன்னேனே. உங்க ஆமைக் காசு பத்திரமா கீது. இல்ல, என் பாக்கெட்ல இல்ல. வண்டிய எடுங்க, போய்கினே பேசலாம். ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வாசல்ல இவ்ளோ பெரிய காரை நிறுத்திகினு கெடந்தா ஷேர் ஆட்டோக்காரன் ஆரன் அடிச்சே காதைக் கிழிச்சுடுவான். நேரா தாம்பரம் ரோடு. பெருங்களத்தூர்ல லெஃப்ட் எடுத்தா முடிச்சூர் பக்கம்.

அந்த ஏசிய மட்டும் என் மூஞ்சிக்குத் திருப்பாதீங்க. சைனஸு.

போட்டோ எடுக்கல சார். போட்டோ எடுக்கற எடம் இல்ல அது. யாருகிட்டயா? ஜீவிதான்னு ஒரு பொண்ணு. உங்க வூட்டுக்கு ஏசி சர்வீஸ் பண்ண வந்தானே கதிரேசன், அவன் பொண்டாட்டி. காசுக்கு உடையவரு நேர்ல வந்து அவர் கையாலயே எடுத்துக்கட்டும், வேற யார் கைலயும் தரமாட்டேன்னு சொல்லிடுச்சு. நான் கேட்டுப் பாத்தேன். ம்ஹூம். அதான் உங்களை வரச் சொன்னேன்.

சத்தம் கித்தம் போடாது சார், பயப்படாதீங்க. அது அந்த மாதிரி பொண்ணு இல்ல.

ஷூ நல்லா கீது. அன்னிக்குப் போட்டிருந்தது தானே? பிரேக்ல கால் வெக்க சொல்ல பாத்தேன், அதான் கேட்டேன்.

உங்ககிட்ட ஒண்ணு சொன்னா சிரிப்பீங்க. மொத நாள் நீங்க வாட்ஸப்ல அனுப்ச்சீங்களே அந்தக் காசு போட்டோ, அத்தப் பாத்து நான் டூப்ளிகேட்னே முடிவு பண்ணிட்டேன். ஒரு பக்கம் ஆமை. இன்னொரு பக்கம் ராணி. மேல இங்கிலீஸ்ல என், ஐ, யூ, இ. நான் எட்டாவது தான் சார், ஆனா நியூன்னு எழுதத் தெரியும். என், இ, டபுள்யூ. நியூவுக்கு ஸ்பெல்லிங் தெரியாத எவனோ பட்டறைல குந்திகினு அடிச்ச காசு, இதுக்குப் போயி நாவலூர்ல ஃப்ளாட் வெச்சிகினு கீற மனுசன் இந்த அலை அலையறாரேன்னு நெனச்சேன். அப்பால தான் நீங்க சொன்னீங்க, அது ஒரு நாட்டுப் பேரு, கடல் நடுவுல தீவுன்னு. மொத்தமே ஆயிரத்திச் சொச்சம் ஜனமாம். எங்க கடப்பேரி ரேஷன் கடைல பாமாயில் போடற அன்னிக்கு அதவிட ஜாஸ்தி நிக்கும் சார். அந்த நாட்டுப் பேர்ல எவனோ எங்கியோ வெள்ளில காசு அடிக்கிறான், அத்த நீங்க வாங்கி டப்பால அடுக்கி வெக்கறீங்க. அந்த ஊர்க்காரன் கண்ணால கூட பாத்திருக்க மாட்டான் பாவம்.

தப்பா சொல்லல. அவங்கவங்களுக்கு ஒரு பைத்தியம். எனுக்குப் புறா.

ஆனா அன்னிக்கு உங்க வூட்டு சோபால குந்திகினு நீங்க ஒண்ணு சொன்னீங்க பாருங்க, அது மண்டைல நின்னுடுச்சு. குப்புராஜ், வெள்ளி எல்லாம் வெள்ளி தான், எடைக்கு ஒரு விலை, அச்சுல தான்யா மதிப்பேன்னீங்க. அச்சு சுத்தமா விழணும், விழுந்த அச்சு மேல ஒரு விரல் ரேகை கூட பட்டுடக் கூடாது. கையில வெள்ளை கிளவுஸ் மாட்டிகினு மத்த காசுங்களை எடுத்துக் காட்டுனீங்க. பொறந்த கொழந்தையத் தூக்கற மாதிரி தூக்குனீங்க. சுறா போட்டது ஒண்ணு, கப்பல் போட்டது ஒண்ணு, எல்லாம் ஏதேதோ தீவு. எல்லாத்துலயும் அதே ராணி. ராணி செத்துட்டதால இனிமே அந்த மூஞ்சி வராது, அதனால இதுங்களுக்கு கிராக்கி ஏறும்னீங்க. ஷோக்கா இருந்துச்சு கேக்க. எங்காளுங்களுக்கு செத்தா கூட ஒத்த ரூபா தான் சார்.

ஆமை இருந்த குழி மட்டும் காலியா கெடந்துச்சு. அத்தக் காட்ட சொல்ல உங்களுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அதுல தான் நான் வேலைய ஒத்துகினேன்.

கெளாம்பாக்கம் வந்துடுச்சு. ரைட்ல போங்க, பஸ்ஸுங்க அப்பிடியே உள்ள வுடுவானுங்க.

நான் இந்த சீசிங் வேலைல இருபது வருஷத்துக்கு மேல சார். டியூ கட்டாத வண்டியத் தூக்கறது. என் காதப் பாருங்க. இந்தப் பக்கம். பாதி தான் கீது. கூடுவாஞ்சேரில ஒரு புல்லட் எடுக்கப் போனேன். வண்டிக்காரன் கைய கட்டிகினு நின்னான், அவங்கம்மா தான் பாஞ்சு வந்து கடிச்சது. துப்புச்சு பாருங்க சார் அந்தத் துண்டை, கோழி எலும்பைத் துப்பற மாதிரி, அத்தனை அலட்சியமா. நான் ஹெல்மெட்டால புள்ளைய அடிச்சேன். அம்மாவை அடிக்க முடியாது. அவன் முன்பல்லு ரெண்டும் ஹெல்மெட் கண்ணாடிலயே குத்திகினு நின்னுச்சு. அப்பிடியும் வண்டிய எடுத்துகினு தான் வந்தேன்.

ஆனா இதுல ஒரு முறை கீது. மண்டை, வயிறு, ரெண்டையும் தொட மாட்டேன். தொடைல அடி, உள்ளங்கால்ல அடி, தோள்பட்டைல அடி. வலிக்கணும். ராத்திரி பொரண்டு படுக்க முடியக் கூடாது. ஆனா ரெண்டு நாள்ல ஆள் எழுந்து வேலைக்குப் போயிடணும். போனா தானே டியூ கட்டுவான். செத்தவன் எந்த மாசத்து டியூவ சார் கட்டினான்? இத்தினி வருஷத்துல என் அடியில ஒருத்தன் செத்தான்னு தாம்பரம் தாலுகாவுல எவனும் சொல்ல முடியாது. விரல் ஒடஞ்சிருக்கு, பல்லு போயிருக்கு. சாவு கிடையாது. நீங்க காசுல விரல் ரேகை படாம பாத்துக்கறீங்க இல்ல, அந்த மாதிரி நான் இத்தப் பாத்துகினேன்.

அதான் சொன்னேன், மண்ணிவாக்கம் யார்டுக்கு நீங்க வராதீங்கன்னு. ஞாயித்துக்கிழமை, வூட்ல குந்தி டிவி பாருங்க, சாயங்காலம் நான் போன் பண்றேன்னேன். நீங்க தான் கேக்கல. என் காசு, எனக்கு நேர்ல பாக்கணும்னீங்க. காரை எடுத்துகினு வந்தே நின்னீங்க.

ஏன் சார், பேசக் கூடாதா? பேசிகினே போனா தூரம் தெரியாது. ஏசி வேற போட்டுகினு கீறோம், வெளில எவனுக்குக் கேக்கப் போவுது.

அவன் எப்பிடி வந்தான் தெரியுமா. யார்டுல ஏசி ரிப்பேர்னு நான் தான் போன் பண்ணேன். டூல் பேக்கைத் தோள்ல மாட்டிகினு, ஏணிய பைக்ல கட்டிகினு வந்துட்டான். தூக்கின வண்டிங்க நிக்கற தகர ஷெட்டு அது. உள்ள வந்து மேலயும் கீழயும் பாத்துட்டு சிரிச்சான். அண்ணா, ஃபேனே இல்லையேண்ணா, எதண்ணா சர்வீஸ் பண்றதுன்னான். அவன் சிரிச்சிகினு இருக்க சொல்லவே நான் மொத அடி போட்டேன். ஓஸ் பைப்பு. முட்டிக்குப் பின்னாடி. டூல் பேக்கோட அப்பிடியே குந்திட்டான்.

நான் அடிக்க சொல்ல பேச மாட்டேன். நீங்களும் பாத்தீங்களே. கேள்வி கேட்டுகினே அடிச்சா ஆளு பதில் யோசிக்க ஆரம்பிச்சுடுவான். மொதல்ல அடி தீரணும், அப்பால கேள்வி. உள்ளங்கால் வீங்கி செருப்பு வார் அந்துச்சு. அவன் ஒவ்வொரு அடிக்கும் இன்னாத்துக்குண்ணா, இன்னாத்துக்குண்ணான்னு தான் கேட்டுகினு இருந்தான். நீங்க அந்த சீஸ் பண்ண புல்லட் மேல குந்திகினு போன் பாத்துகினு இருந்தீங்க. ஒரு தபா, சத்தத்தைக் கம்மி பண்ணச் சொல்லுன்னீங்க. நான் அவன் வாயில அவன் துடைக்கற துணியவே வெச்சேன்.

அப்பால துணிய எடுத்துட்டுக் கேட்டேன். ஆமை போட்ட வெள்ளிக் காசு எங்கடான்னு. உடனே சொல்லிட்டான் சார். அந்தக் காசாண்ணா, அது குளத்துல கீதுண்ணா. திருடலண்ணா, மேடம் தான் குடுத்தாங்க. சாரு ஆபீஸ் போயிருக்க சொல்ல கூப்ட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தோட மஞ்சத் துணில சுத்திக் குடுத்து, கண்ணு காணாம எதுனா கோயில் குளத்துல போட்டுடுப்பா, இது வூட்டுக்குள்ள வந்ததுலருந்து ஒண்ணும் வெளங்கலைன்னாங்க. எம் பொண்டாட்டி கார்மென்ட்ஸ் வேலைக்குக் குளத்தாண்ட தான் போவும், அதுகிட்ட குடுத்துப் போடச் சொன்னேன், போட்டுடுச்சுண்ணான்.

நான் உங்களைத் திரும்பிப் பாத்தேன். இது விசாரிக்க வேண்டிய பதில் சார். அடிக்க வேண்டிய பதில் இல்ல. உண்மை பேசறவன் மூஞ்சி எப்பிடி கீதுன்னு எனுக்குத் தெரியும். பைப்பைக் கீழ கூட வெச்சுட்டேன்.

நீங்க புல்லட்லருந்து எறங்கி வந்தீங்க. எம் பொண்டாட்டி பேரை உன் வாயால சொல்லாதடான்னீங்க. அவன் பேரே சொல்லல சார், மேடம்னு தான் சொன்னான். மல்லாக்க கெடந்தவன் வயித்துல குதிகாலைத் தூக்கி ஒரே மிதி. நெறைஞ்ச தண்ணி கேனு மாடிப்படில உருண்டு விழுந்தா ஒரு சத்தம் வரும் இல்ல, அந்தச் சத்தம். அப்பால மேல நின்னுகினே இன்னொரு தபா அழுத்துனீங்க, சிகரெட்டை நசுக்கற மாதிரி.

நான் உங்க இடுப்பப் புடிச்சு இழுக்கலைன்னா இன்னும் மிதிச்சிருப்பீங்க. சட்டை கிழிஞ்சதுன்னு என்னைத் திட்டுனீங்க.

என் அடிக்கு அப்பிடி கத்தினவன் உங்க மிதிக்குக் கத்தலையே, கவனிச்சீங்களா. வாயத் தொறந்தான், காத்து கூட வரல.

சரி சரி. சத்தம் போடாதீங்க, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. அந்த மாட்டுக்கு ஆரன் அடிங்க. வண்டலூர் ஜூவுல இருக்கற புலி கூட ஒழுங்கா கீது, இந்த மாடுங்க தான் பேஜார்.

நான் தான் அவனை வூட்ல வுட்டேன். நீங்க கிளம்பிட்டீங்க. என் எக்ஸெல் மொபெட்ல பின்னாடி குந்த வெச்சு, விழுந்துடாம இருக்க அவன் கை ரெண்டையும் என் இடுப்பைச் சுத்திக் கட்டிக்கச் சொன்னேன். போற வழில சொல்லிக் குடுத்தேன். கேட்டா ஏணிலருந்து விழுந்தேன்னு சொல்லு, வேற எதுனா பேசினா அப்பால பேஜாராயிடும்னேன். அவனே என் முதுகுல சாஞ்சுகினு கேக்கறான் சார், எந்த மாடின்னு கேட்டா இன்னாண்ணா சொல்றது? ரெண்டாவது மாடி, அவுட்டோர் யூனிட் மாட்ட சொல்ல ஸ்லிப்பாயிட்டேன்னு சொல்லிடறேண்ணா, அது தான் நம்புவாங்கண்ணான்னு. அடிச்சவனுக்கு இவன் ஐடியா குடுக்கறான்.

வாசல்ல அந்தப் பொண்ணு ஓடியாந்துச்சு. ஏணின்னதும் நம்பிடுச்சு. தெரியாத மனுசன் தூக்கிகினு வந்து வுட்டாரேன்னு கை எடுத்துக் கும்பிட்டு, குந்துங்கண்ணா ஒரு டீ குடிச்சுட்டுப் போங்கண்ணான்னுச்சு. குடிச்சேன் சார். நல்ல டீ. இஞ்சி தட்டிப் போட்டிருந்துச்சு. கதிரேசன் பாயில சுருண்டு படுத்துகினு என்னையே பாத்துகினு இருந்தான், நான் எங்க உளறிடுவேனோன்னு.

ஆஸ்பத்திரிக்கா? மெடிக்கல்ல ஒரு மாத்திரை வாங்கிப் போட்டாங்களாம். ஏணில விழுந்தது தானே, சுளுக்கு தானேன்னு.

நீங்க வுடலையே என்னை. திங்கக்கிழமை போன், செவ்வாக்கிழமை போன். குளத்துல ஆளை எறக்கித் தேடுன்னீங்க. அந்தக் குளத்துல தண்ணியே கணுக்காலுக்குத் தான் சார் கீது, மீதி அல்லாம் பாட்டிலும் பிளாஸ்டிக்கும். ரெண்டு பசங்களை வுட்டு சலிச்சுட்டேன். இல்ல. சரி, அந்தப் பொண்ணையே ஒரு வார்த்தை கேட்டுடுவோம்னு இன்னிக்குக் காலைல அவங்க தெருவுக்குப் போனேன். அங்க தான் பாத்தேன் உங்க காசை.

குளத்துல போடல சார் அது. அத்தான் விஷயம். புருஷன்கிட்ட போட்டுட்டேன்னு சொல்லிட்டு அரிசி டப்பால வெச்சிருக்குது. மினுக்குச்சு, வெள்ளி மாதிரி இருந்துச்சு, தண்ணில போட மனசு வரலண்ணான்னுச்சு. அவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. அவன் உங்ககிட்ட பொய்யே சொல்லல.

எப்பிடி கீதுன்னா? கொஞ்சம் பளபளன்னு தான் கீது. ஆமா சார், காசு மூடியிருந்த டப்பாவ ஒடச்சுட்டாங்க. அந்தக் கண்ணாடி டப்பா எதுக்குன்னு அதுக்கு எப்பிடித் தெரியும். திருநீறு போட்டுத் தேச்சிருக்கு. வெள்ளிக்கு நம்ம ஜனம் அத்தானே போடும். ஆமை முதுகுல கொஞ்சம் கோடு கோடா கீது. ராணி மூக்கு கொஞ்சம் மழுங்கினாப்ல. ஏன் சார், மூஞ்சி இப்பிடி ஆயிடுச்சு? அச்சு போச்சா? இவ்ளோ நேரம் அவன் வயித்தப் பத்திப் பேசினேன், அப்ப கூட நீங்க இப்பிடி ஆவல.

பெருங்களத்தூர். பாலத்து மேல ஏறாதீங்க. கீழயே வந்து லெஃப்ட்.

மேடத்தை ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். நான் உங்க வூட்டுக்கு வந்த அன்னிக்கு அவங்க தான காபி கொண்டாந்தாங்க. நீங்க ஏசிக்காரன் தான் திருடினான்னு சொல்லச் சொல்ல, அவங்க நீட்டின கப்புலருந்து சாசர்ல காபி கொட்டுச்சு. திருட்டு போன துக்கம்னு நெனச்சேன் நான். மணிக்கட்டுல பச்சையா ஒரு தடம் இருந்துச்சு. புடிச்சு முறுக்கினா விழற தடம். எனுக்குத் தெரியாத தடமா சார் அது. அப்பவே நான் யோசிச்சிருக்கணும், இந்தப் பொம்பளை எதைச் சொல்லவும் பயப்படுதுன்னு.

ஆமைன்னா பயம் தான். ஆமை புகுந்த வூடும் அமீனா புகுந்த வூடும் வெளங்காதும்பாங்க. நீங்க அன்னிக்கு சோபால பொலம்புனீங்களே, உங்க மாமனார் கீழ விழுந்தது, உங்க ஆபீஸ்ல ஆள் கொறைப்பு, எல்லாத்துக்கும் அந்த ஆமை தான்னு மேடம் முடிவு பண்ணியிருக்காங்க. கேக்க சிரிப்பா இருக்கும். இதப் பாருங்க, நானே ஆமை மோதிரம் போட்டுகினு கீறேன், ஜோசியர் சொல்லி. விரல்ல போட்டா யோகமாம், வூட்டுக்குள்ள வந்தா நாசமாம். இன்னா கணக்கோ. ஆனா ஒண்ணு, கதிரேசன் வூட்டைப் பொறுத்த வரைக்கும் அந்தப் பழமொழி பலிச்சுடுச்சு. ஆமையும் உள்ள போச்சு, பின்னாடியே நான் போனேன். அமீனா வேலை தானே நான் பாக்கறது.

இன்னா சொன்னீங்க? சரியாக் கேக்கல.

ஓ. மேடமே சொல்லிட்டாங்களா. எப்ப?

ஞாயித்துக்கிழமையே. நீங்க யார்டுலருந்து வூட்டுக்குப் போனதுமே. சட்டை கிழிஞ்சு வந்ததப் பாத்துட்டு, நான் தாங்க குடுத்தேன்னு கால்ல விழுந்தாங்களா.

அப்ப திங்கக்கிழமை எனுக்குப் போன் பண்ணி குளத்துல தேடுன்னீங்களே, அப்பவே உங்களுக்குத் தெரியும், அவன் திருடலைன்னு. ஆள் எப்பிடிடா கீறான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார். காசு எங்க, காசு எங்கன்னு தான் கேட்டீங்க. மேடத்தை இன்னா பண்ணீங்கன்னு நான் கேக்கல. அது உங்க வூட்டு விஷயம்.

இல்ல, கோவம் எல்லாம் இல்ல. எனுக்கு எங்க வரும் கோவம். கொஞ்சம் மனசுக்குள்ள யோசிச்சுகினே வந்தேன், உங்களுக்குத் தெரியாம நடந்துடுச்சோன்னு. இப்ப சந்தேகம் போச்சு. நல்லது.

அந்த டிரான்ஸ்ஃபார்மர் தாண்டி ரைட்டு. மெதுவா போங்க, தெரு குறுகல். தெரு மொனைல ஷாமியானா தெரியுதா, அத்தாண்ட தான்.

மோளம் சத்தம் தான் சார். கண்ணாடிய ஏத்தியிருந்தாலும் கேக்கும்.

யாரு செத்தாங்கன்னு என்னைக் கேக்கறீங்களா.

நேத்து ராத்திரி வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சாம். ஆட்டோல ஏத்தச் சொல்லவே அடங்கிடுச்சாம். ஏணிலருந்து விழுந்தவன்னு தான் இந்தத் தெருவே நெனச்சுகினு இருந்துச்சு. காலைல நான் வந்து நிக்கறேன், பங்காளிங்க என்னைப் பாத்து, நீங்க தானே அண்ணா அன்னிக்குத் தூக்கிகினு வந்து வுட்டீங்க, நீங்களும் ரெண்டு கொடம் தண்ணி ஊத்துங்கன்னு கூப்ட்டாங்க. ஊத்தினேன். சட்டைய அவுத்துக் குளிப்பாட்ட சொல்ல தான் எல்லாரும் பாத்தாங்க. வயித்துல அச்சு. கட்டம் கட்டமா, ஆமை முதுகு மாதிரியே, கருநீலமா. குதிகால் வளைவு கூட அப்பிடியே விழுந்திருக்கு. ஒரு கோடு கலையல. நீங்க பாத்தா மெச்சுவீங்க சார், அவ்ளோ சுத்தமான அச்சு.

ஏணி ஷூ போடாது. இது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பொண்ணு சுத்தி நின்ன ஆம்பளைங்க கால ஒவ்வொண்ணாப் பாத்துகினே வந்துச்சு. என் கால்ல ரப்பர் செருப்பு. அத்தையும் பாத்துச்சு.

அப்பால நெத்தில வெக்க ஒத்த ரூபா கேட்டாங்க. தெருவுல எவன்கிட்டயும் இல்ல சார். எல்லாம் ஜீபே. பூக்காரன் ஜீபே, மோளக்காரன் ஜீபே. நானும் பாக்கெட்டைத் தொழாவினேன், ஒண்ணும் இல்ல. ஒருத்தன் மளிகைக் கடைக்கு ஓடினான். அதுக்குள்ள அந்தப் பொண்ணு எழுந்து உள்ள போச்சு. அரிசி டப்பா மூடி தொறக்கற சத்தம் கேட்டுச்சு. கைய மூடிகினு வந்து, சந்தனத்தைக் கொழைச்சு, அவன் நெத்தில ஒட்டுச்சு. ஆமை உள்ள, ராணி மேல.

அப்ப தான் நான் வாயத் தொறந்தேன். அது யார் காசுன்னு சொன்னேன். பைப்பு அடி அல்லாம் என்னுதுன்னு சொன்னேன், மிதி யாருதுன்னும் சொன்னேன். என் பேர்ல சாவு கிடையாது சார், அடுத்தவன் பண்ண சாவை நான் ஏத்துக்க மாட்டேன். என்னை அடிக்க வந்தாங்க, அந்தப் பொண்ணு தான் கைய காட்டி நிறுத்துச்சு. உடையவரு வந்து எடுத்துக்கட்டும், அது வரைக்கும் தூக்க வோணாம்னுச்சு. போலீஸ்கிட்ட இன்னும் போகல. அது அவங்க இஷ்டம்.

ரிவர்ஸ் எடுக்காதீங்க சார். பின்னாடி பாருங்க, பூ வண்டி வந்து நின்னுடுச்சு. நகர முடியாது. துட்டைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க, உள்ள பேசிக்கங்க. நானும் கூட தான் வரேன். எறங்குங்க.

ஷூவ கழட்டாதீங்க. சாவு வூட்டு வாசல்ல கழட்டிட்டுத் தான் போவணும், எனுக்கும் தெரியும். அத்தப் பாக்கணும்னு தான் அந்தப் பொண்ணு காலைலருந்து அழாம குந்திகினு கீது.